அடியைத் தாமதிக்கும் துணி

கம்பளி நனைந்தால் வரும் வாசனையைப் பற்றி நாம் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. மழையில் நிற்கும் ஆடு என்பாய் நீ. வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரி என்பேன் நான். இன்று காலை அந்த வாசனை எங்கள் கூடத்துக்குள் வந்தது. நீதான் வந்திருக்கிறாய் என்று ஒரு கணம் தோன்றி வாசல் பக்கம் திரும்பினேன்.

உன் மனைவி ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். உன் அடக்கத்துக்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. இரண்டு நாளாக ஆடி மாதக் கர்க்கடக மழை விடாமல் பெய்கிறது. கோட்டைக்குள் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஒரு துணிக்கடைப் பையை மார்போடு அணைத்தபடி நனைந்து வந்திருந்தாள். பாறசாலை வீட்டை ஒழித்துவிட்டு மகளோடு பெங்களூருக்குப் போகிறாளாம்.

"அண்ணே, இது ஒங்க சாதனமாக்கும். அவிய இத எரிச்சுக் களையச் சொன்னாவ. நல்ல துணி, எனக்கு மனசு வரல்ல" என்றாள்.

"எப்போ சொன்னான்?"

"அண்ணைக்கு விழுந்து ஆஸ்பத்திரீல இருந்து வந்த ஒடனே. அண்ணனுக்குக் காட்டாதேன்னும் சொன்னாவ. இப்ப ஆளே போயாச்சு. இனி யாருக்குக் காட்டினா என்ன?"

உட்காரச் சொன்னேன். ஆட்டோக்காரன் கத்துவான் என்று சொல்லிவிட்டு அந்த மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

பைக்குள் இருந்தது உன் ஜாக்கெட். நாம் முதலில் தைத்தது, நீ மட்டும் போட்டுக்கொண்டது. அதன் வலது கை, மணிக்கட்டிலிருந்து கழுத்துப்பட்டை வரை நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. அப்படி யார் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எலும்பு முறிந்தவனின் கையை அசைக்காமல் சட்டையைக் கழற்ற வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வெட்டுவார்கள். வலது தோளில் தார்ச்சாலை உராய்ந்த கறுப்புத் தடம். உள்துணியில் பழுப்பேறிய கறை.

வண்டியிலிருந்து விழுந்த அன்றைக்கு ஜாக்கெட் போடவில்லை என்று நீ ஊர் முழுக்கச் சொன்னாய். என்னிடமும் சொன்னாய். போட்டிருந்திருக்கிறாய்.

லலிதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். உச்சி பூஜை முடிந்ததும் வந்துவிடுவாள், வந்ததும் கேட்பாள். நீ எதற்காகப் பொய் சொன்னாய் என்பது ஒரு மணி நேரத்துக்கு முன்பு எனக்குப் புரிந்துவிட்டது. காரணம் என் மனைவி. அது அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தெரியாமல்தான், செத்துப்போன உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மனக்குறைகளை மறக்காதவன் என்று எனக்குப் பெயர் உண்டு, அதை நான் மறுத்ததில்லை. கல்லூரியில் எனக்கு வரவேண்டிய பதக்கத்தைத் தன் உறவுக்காரனுக்குக் கொடுத்த பேராசிரியரை நான் மறக்கவில்லை. வாசல் அறையைத் தனக்கென்று பூட்டிக்கொண்ட அண்ணனையும் மறக்கவில்லை. துணியியலில் மேற்படிப்புப் படித்த எனக்கு, பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை எப்படி இழுத்துப் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்லித் தருகிறானே பைக் கம்பெனி மேனேஜர் ஒருவன், அவனையும் மறக்க மாட்டேன். இவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் வரிசையில் முதல் நாற்காலி உனக்கு. இத்தனை வருடமும் அதை வேறு யாருக்கும் நான் கொடுத்ததில்லை.

ஆனால் கண்ணை மூடினால் முதலில் வருவது கோபம் அல்ல. சாலைக் கடைத்தெருவில், வற்றல் மிளகாய் மண்டிக்கு மேலே நம் இரண்டு அறைகள்தான் வருகின்றன. கீழே மூட்டை பிரித்தால் மேலே நாம் தும்முவோம். மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் விழும்போது, வெட்டிய துணிகளிலிருந்து கிளம்பிய பஞ்சும் நூலிழையும் அந்த வெளிச்சத்துக்குள் மிதக்கும். இறங்காது, ஏறாது, அப்படியே நிற்கும். நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். நானும் பார்ப்பேன். வேலை கிடக்கும்.

இருசக்கர வண்டியில் போகிறவனுக்குத் துணியாலேயே கவசம் செய்யலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் நமக்குள் தகராறு உண்டு. நான்தான் என்பதை இப்போதும் எழுதி வைக்கிறேன். தோலும் பிளாஸ்டிக்கும் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது, யாரும் போட மாட்டார்கள். மேலே, சாலையில் உராய்ந்தால் கிழியாத கெட்டிக் கேன்வாஸ். அதற்கடியில் விரல் கனத்துக்குக் கம்பளி ஃபெல்ட், நெய்யாமல் இழைகளை அமுக்கியே செய்த மெத்துத் துணி. அதற்கடியில் ஸ்பேசர் துணி. இரண்டு முகங்களுக்கு நடுவே நூல்கள் சின்னச் சின்னத் தூண்களாக நிற்குமே, அது உன் செல்லப்பிள்ளை. பிறகு இன்னொரு ஃபெல்ட். உடம்போடு ஒட்டுவது பழைய வேட்டி போன்ற மெல்லிய பருத்தி. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் இந்த அடுக்கு.

அது எப்படி வேலை செய்கிறது என்று வாங்க வந்தவர்களுக்கு நான் விளக்க ஆரம்பித்தால் அவர்கள் கொட்டாவி விடுவார்கள். நீ ஒரே வரியில் முடித்துவிடுவாய். "அடியத் தடுக்காண்டாம் மக்கா. கொஞ்சம் தாமசிச்சு வந்தாப் போரும்." அவ்வளவுதான் விஷயம். எலும்பை முறிப்பது அடியின் பலத்தைவிட அதன் அவசரம். மொத்தமும் ஒரு நொடியின் துணுக்கில் வந்து இறங்கினால் எலும்பு போச்சு. ஃபெல்ட் கொஞ்சம் அமுங்கும், தூண்கள் கொஞ்சம் சாயும், ஒரு துணி இன்னொன்றின் மேல் சற்று வழுக்கும். ஒவ்வொன்றும் அடியிலிருந்து சிறிது பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை மெதுவாகக் கீழே அனுப்பும். உடம்புக்கு வந்து சேரும்போது அது அடியாக இருக்காது, யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கும்.

அதைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் இயந்திரம் கிடையாது. தட்டு நிறையக் குழைத்த களிமண், அதன் மேல் துணி அடுக்கு, ஸ்டூலின் மேல் நீ, உன் கையில் எங்கள் வீட்டு அம்மிக் குழவி. நீ விடுவாய். துணியை எடுத்துவிட்டு, களிமண்ணில் விழுந்த பள்ளத்துக்குள் நான் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். பள்ளம் குறையக் குறைய நாம் பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் களிமண்ணில் தடமே இல்லை. நீ ஸ்டூலிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றாய்.

குழவியைத் தேடி லலிதா ஒருநாள் மாடிக்கே வந்துவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா?

"ஏன்னா, ஒங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்கோ. தொகையலைத் துணியால அரைக்க முடியாதாக்கும்."

"மன்னி, ரெண்டு நாளு பொறுங்க. கொழவி தலையில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாத தொப்பி ஒண்ணு ஒங்களுக்குத் தச்சுத் தாறேன்."

"என் தலையில எதுக்கு விழணும்? ஒங்க ரெண்டு பேர் தலையிலயும் போட்டா வீடு நன்னா இருக்கும்."

பாறசாலைக்காரனான நீ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவன், அவளை மன்னி என்று கூப்பிடுவாய். அந்தச் சொல் உன் வாயில் கடன் வாங்கிப் போட்ட சட்டை மாதிரி இருக்கும். அவளுக்கு அது பிடித்திருந்தது. உனக்கென்று ஒரு தம்ளரே தனியாக வைத்திருந்தாள். அதில் காப்பி எனக்கு வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அதையும் நான் மறக்கவில்லை.

பிறகு பொன்முடி. ஜாக்கெட்டை உடம்பில் போட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாலை கிடையாது என்பாய். விதுரையைத் தாண்டினால் காற்றின் எடை மாறிவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு திரை விலகி இன்னொரு திரை விழும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களின் கூரைகள் மட்டும் வெண்மைக்குள் மிதக்கும். நீ எனக்கு முன்னால் போவாய். முதலில் உன் வண்டியின் சக்கரம் மறையும், பிறகு இடுப்பு. கடைசியில் ஜாக்கெட்டின் முதுகு மட்டும் தனியாக, ஆளில்லாமல், மலை ஏறிக்கொண்டிருக்கும். ஒருமுறை மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மூடுபனிக்குள் நுழைத்துத் துணியை அள்ளுவது போல அள்ளினாய். "இந்தப் பனியக் கொஞ்சம் மடக்கி உள்ள வச்சுத் தச்சா எப்பிடி இருக்கும் மக்கா?" நான் அதற்கு ஏதோ அறிவியல் சொன்னேன். நீ கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குளிரில் உன் தோளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நாற்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள், வீட்டில் சொல்லாமல் மலை ஏறி வந்து, ஒரு சுவர்கூட இல்லாத வெண்மைக்குள் சும்மா நின்றிருந்தோம். அதன் பிறகு நான் அவ்வளவு சும்மா நின்றதே இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தையும் விட்டுவிட்டு, நீ மட்டும் தனியாகப் போய்வந்தாய். கொட்டும் மழையில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாய். ஜாக்கெட் முழுக்க மலைச் செம்மண். வாசலிலேயே லலிதா அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எத்தன நாளாத் தோய்க்காம கெடக்கு இது? மோந்து பாருங்கோ, மனுஷா போட்டுக்கற துணியா இது?"

"மன்னி, அது சும்மா தொடச்சாப் போரும்."

"நீங்க ரெண்டு பேரும் தொடச்ச லட்சணம் தெரியறது."

நீயும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அடுத்து வெட்டப்போகும் ஜாக்கெட்டுக்குக் கழுத்துப்பட்டை உயரம் போதுமா என்று வாக்குவாதம் செய்தோம். கொல்லையில், கிணற்றடியில் துவைக்கிற கல்லில், சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சோப்பு போட்டு, சுருட்டி, தலைக்கு மேல் தூக்கி, கல்லில் ஓங்கி அடிக்கிற சத்தம். நம் இருவர் காதிலும் விழுந்தது. இந்த ஊரில் பிறந்த யார் காதில்தான் அது விழாமல் இருந்திருக்கிறது? காக்காய் கரைவது போல, மழை பெய்வது போல, அது காலையின் பாகம். கேட்கிறது என்றுகூட யாருக்கும் தோன்றாது. நாம் ரசத்துக்கு வந்திருந்தோம்.

காய மூன்று நாள் ஆயிற்று. செய்தித்தாளில் சுற்றி அவள் உன்னிடம் கொடுத்தபோது நீலச் சோப்பு மணம் வீசியது. "எப்படி வெறப்பா நிக்கறது பாருங்கோ" என்று பெருமையாகத் தோளைத் தட்டிக் காட்டினாள். விறைத்து நிற்பதுதான் சுத்தம் என்று கஞ்சி போட்டு வளர்ந்த வீடு இது. நீ போட்டுக்கொண்டு, "மன்னி, கல்யாண மாப்ள மாதிரி ஆக்கிப்போட்டேளே" என்று அவள் பாஷையிலேயே சொன்னாய்.

அடுத்த வாரம் நீ பொன்முடி வளைவில் விழுந்தாய். மழை இறக்கிக் கொண்டுவந்த சேறு சாலையில் கிடந்திருக்கிறது. எஸ்டேட் ஜீப்பில் விதுரைக்கும் அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கும் கொண்டுவந்தார்கள். நான் வந்து சேரும்போது உன் வலது தோளில் கட்டு. கட்டிலைச் சுற்றி நம்மிடம் ஜாக்கெட் வாங்கிய பையன்கள்.

"சேட்டா, ஜாக்கெட் இட்டிருந்நில்லே?" என்று மலையாளத்தில் கேட்டான் ஒருவன், போட்டிருக்கவில்லையா என்று.

நீ அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "இல்ல. வெயிலாயிருந்நு. ஊரி வண்டியில கெட்டி வச்சிருந்நு" என்றாய்.

வெயில் என்றதால் கழற்றி வண்டியில் கட்டிவிட்டாயாம். ஆடி மாதத்தில் பொன்முடியில் வெயில். அப்போதே நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவிடாமல் என்னைத் தடுத்தது கோபம். செய்தவனே போட்டுக்கொள்ளாத ஜாக்கெட் என்று ஊரில் பேச்சாயிற்று. அதோடு நீ நிற்கவில்லை. கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ் ஏறி, வாங்கினவர்கள் வீடு வீடாகப் போய் "ஒரு ஆல்ட்டரேஷன் உண்டு" என்று சொல்லி ஜாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிவந்தாய். மிளகாய் மண்டிப் படியில் ஒவ்வொரு மூட்டையாக நீ இழுத்து ஏற்றியதை நான் மேலே நின்று பார்த்தேன். உதவிக்கு இறங்கவில்லை.

"எதுக்குடா இதெல்லாம்?"

"எனக்கு அதுல நம்பிக்க போச்சு மக்கா. நிறுத்திருவோம்."

"விழுந்தது நீ. போட்டுக்காம விழுந்தது நீ. துணி என்னடா பண்ணித்து?"

"கோவப்பட்டு வெப்ராளப்படாத. ஒண்ணும் கேக்காத. நிறுத்திருவோம்."

பேடி என்றேன். ஒருமுறை விழுந்ததும் நடுங்கிப்போய், என் வாழ்நாளின் ஒரே காரியத்தை மூட்டை கட்டுகிற பேடி என்றேன். நீ படியிலேயே உட்கார்ந்து தலையை ஆட்டினாய். "ஆமாலே. பேடிதான். வச்சுக்கோ" என்றாய். வைத்துக்கொண்டேன். மூட்டைகளை நீ எங்கே கொண்டுபோனாய் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

பிறகு ஒரே ஒருமுறை. கிழக்கேகோட்டையில், சாயங்கால மழையில், பஸ்களுக்கு அப்பால் நீ நின்றிருந்தாய். நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கினாய். அந்தத் தோள் அனுமதித்த உயரம் வரை, மார்பு மட்டம்வரைதான் அது வந்தது. ஒரு பஸ் நடுவில் வந்து நின்றது. அது நகர்வதற்குள் நான் நடந்துவிட்டேன். போன வருடம் உன் இதயம் நின்றுபோன செய்தி வந்தபோது பாறசாலைக்கு வந்தேன். தேவாலய மதிலோரம், பலா மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். உள்ளே வந்து ஒரு பிடி மண் போடவில்லை. அவ்வளவு பத்திரமாக உன் மேல் என் கோபத்தைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

லலிதாவின் வருத்தம் வேறு. உன் பேச்சு வரும்போதெல்லாம் அவள் ஒன்றைத்தான் சொல்வாள். "அவ்வளவு சிரமப்பட்டுத் தோச்சுக் குடுத்தேன். அன்னிக்குப் போட்டுண்டு போயிருந்தா தோள் தப்பிச்சிருக்கும். பாவம், தலையெழுத்து." தான் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்கிற நிம்மதியும் அந்த வருத்தத்துக்குள் இருக்கும்.

இன்று ஸ்டெல்லா போனதும் பிளேடும் கத்தரிக்கோலும் எடுத்துவந்து வலது தோளின் தையலைப் பிரிக்கப் போனேன். அது ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி தைக்கப்பட்டிருந்தது. குழந்தை போட்டது போன்ற கோணல் தையல். வலது கை தூளியில் இருந்தவன் இடது கையால் போட்ட தையல். நீ பார்த்திருக்கிறாய்.

உள்ளே இருந்த ஃபெல்டில் கட்டைவிரலை அழுத்தினேன். அமுங்கவில்லை, அட்டை மாதிரி இருந்தது. ஸ்பேசரைக் கீறிப் பார்த்தேன். நிற்க வேண்டிய தூண்களெல்லாம் காற்றடித்த நெற்பயிர் போல ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. விழுந்ததில் ஆகியிருக்கலாம் என்று இடது தோளையும் திறந்தேன். தரையையே தொடாத தோள் அது. அங்கேயும் அட்டைதான். முதுகும் அப்படியே.

கம்பளி, சோப்பு, தண்ணீர், அடி. ஃபெல்ட் செய்வதே இப்படித்தான் என்பதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு இறுகும். என் மனைவி கிணற்றடியில் நின்று, நாம் செய்த ஃபெல்டை இன்னொருமுறை செய்து முடித்திருக்கிறாள். அடியைத் தாங்குவதற்காகத் தைத்ததைக் கல்லில் அடித்தே தீர்த்துவிட்டாள். தோலாக இருந்தால் துடைத்திருப்பாள். துணி என்றால் இந்த ஊரில் கல்லுக்குப் போகாமல் தப்பாது. நம் ஜாக்கெட் போன ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் அப்படி ஒரு கல் கிடந்தது. ஆயுசில் ஒரு துண்டைக்கூடத் துவைத்தறியாத நம் இருவர் புத்திக்கும் அது எட்டவில்லை. தோள் போன பிறகு உனக்கு எட்டியிருக்கிறது. அதனால்தான் வீடு வீடாக அலைந்திருக்கிறாய்.

இதுவரை புரிகிறது. அடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாமே? கம்பளியை மாற்றியிருப்போம், அடுக்கைக் கழற்றி எடுக்கிற மாதிரி உறையில் வைத்திருப்போம். பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை இழுத்து நான் கிழவனாகியிருக்க மாட்டேன். கொல்லைக் கல்லின் சத்தம் என் காதிலும் விழுந்திருக்கிறது. நீ 'துவைத்தால் கெடும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சத்தை நானே கண்டுபிடித்திருப்பேன்.

கண்டுபிடித்திருப்பேன் என்பதால்தான் நீ சொல்லவில்லை. கண்டுபிடித்ததை நான் அவளிடம் சொல்லிவிடுவேன். அன்றைக்கே சொல்ல மாட்டேன், நான் அப்படிப்பட்டவன் அல்ல. என்றைக்காவது காப்பி ஆறிப்போன ஒரு காலையில், ஓரிரு வருடம் கழித்து, குரலை உயர்த்தாமல் சொல்லியிருப்பேன். பிறகு ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அந்த வரிசையில் ஒரு நாற்காலி அவளுக்கும் விழுந்திருக்கும், அதுவும் இந்த வீட்டுக்குள்ளேயே. அது உனக்குத் தெரிந்திருந்தது. அதனால் நீ போய் அதில் உட்கார்ந்துகொண்டாய்.

இதை உன் பெருந்தன்மை என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. ஒருவனை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லாமலே செத்துப்போவதற்குப் பெருந்தன்மை என்று பெயர் கிடையாது. படிக்கட்டில் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். நீ என்னை நம்பவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

வாசல் கதவுச் சத்தம். பிறகு எழுதுகிறேன்.

இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மழை கொஞ்சம் விட்டிருக்கிறது.

அவள் ஈரக் குடையை மடக்கியபடி உள்ளே வந்தாள். தார்த் தடம் இருந்த தோளை நான் அடியில் மடித்துவிட்டிருந்தேன்.

"என்ன நாத்தம் இது?" என்று மேஜையருகே வந்தவள் அப்படியே நின்றாள். "ஏன்னா, இது அவரோடதுன்னா?"

"ஸ்டெல்லா வந்து குடுத்துட்டுப் போனா."

"ஒரு வாய் காப்பி குடுத்தேளா?"

"ஆட்டோ நின்னுண்டிருந்தது."

"நின்னா என்ன? ஒங்களுக்குக் காப்பி போடத் தெரியாதுன்னு சொல்லுங்கோ." பேசிக்கொண்டே கழுத்துப்பட்டையைத் தடவினாள். இடது தோளை இரண்டு விரலால் தட்டினாள். முகம் மலர்ந்தது. "பாருங்கோ. இத்தன வருஷம் ஆயும் நான் தோச்ச வெறப்பு போகலை."

அவள் கை வலப்பக்கம் போயிற்று.

"இது என்ன, கை கிழிஞ்சிருக்கு?"

"கிழியலை. வெட்டினது."

"யாரு வெட்டினா?" என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "ஏன்னா, அன்னிக்கு இதப் போட்டுண்டுதான் போனாரா?"

வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. நாலைந்து சொற்கள்தான். இந்த வீட்டில் கடைசிச் சொல் எப்போதும் அவளுடையது. அவளால் பதில் சொல்ல முடியாத ஒன்று வாழ்நாளில் முதல்முறையாக என் கையில் இருந்தது. அதன் எடைகூட எனக்குத் தெரிந்தது. அவள் விரல் இன்னும் அந்த வெட்டின் மேலேயே இருந்தது.

"நாந்தான் வெட்டினேன்" என்றேன்.

"எப்போ?"

"இப்போதான். உள்ள எப்படி இருக்குன்னு பாக்க."

மேஜையில் பிளேடும் கத்தரிக்கோலும் கிடந்தன. பிரித்த தோள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் நம்பாமல் இருக்க வழியில்லை.

"செத்துப்போன மனுஷனோட துணி" என்றாள் மெதுவாக. அவள் கத்துவது எனக்குப் பழக்கம். இது வேறு. "அந்தப் பொண்ணு இத்தன வருஷம் பொத்திப் பொத்தி வச்சுக் கொண்டுவந்து குடுத்திருக்கா. ஒங்களுக்கு அவர் மேல கோவம் இன்னும் தீரலையா? ஆள் இல்லேன்னு துணி மேல காட்டறேளா?"

செய்யாத குற்றத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன் அல்ல நான். எவ்வளவு சின்னதானாலும், எவ்வளவு வருடம் ஆனாலும், மறுத்துவிட்டுத்தான் மறுவேலை. உனக்குத் தெரியும். இன்று வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"தீரலை" என்றேன். அதுவாவது உண்மை.

அவள் ஜாக்கெட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் எனக்குச் சோறு வைத்தாள், பேசவில்லை. சற்று முன்பு பார்த்தேன். ஜன்னலருகே உட்கார்ந்து, வெட்டுண்ட கையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக் கறுப்பு நூலால் தைத்துக்கொண்டிருக்கிறாள். தார்த் தடம் அவள் மடியில் மேலாகவே கிடக்கிறது. பார்த்திருப்பாள். அழுக்கு என்று நினைத்தாளோ, இல்லை நினைக்காமல் விட்டாளோ, நான் கேட்கப் போவதில்லை. கண்ணாடியை இறக்கி, கையை உயர்த்தி, ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றுவிட்டு என் பக்கம் நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன்.

நீ அந்தப் பொய்யைச் சாகும்வரை வைத்திருந்தாய். என்னால் எவ்வளவு நாள் முடியும் என்று தெரியாது. நான் உன்னைப் போல ஆள் இல்லை. நாளைக்கே ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில் அது என் நாக்கு நுனிக்கு வரும். ஒவ்வொரு தடவையும் விழுங்க வேண்டும். இதைத்தான் நீ எனக்கு விட்டுப்போயிருக்கிறாய், வேண்டுமா என்று கேட்காமலே.

பல்லால் நூலைக் கடித்துவிட்டு அவள் இப்போது பேசினாள். மத்தியானத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஸ்டெல்லா எப்பவாவது கேட்டா, எலி கடிச்சுடுத்துன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வெட்டினேள்னு தெரிஞ்சா அவ மனசு ஒடஞ்சுபோயிடும். நீங்க வாயைத் தொறக்கப்படாது, கேட்டேளா?"

சரி என்றேன். இந்த வரி வரைக்கும் திறக்கவில்லை.